சோதனைத் தரவு

காலை ஆறரைக்கு
மெசினை முதலில் என் கையில்தான் கட்டுவேன்.
பயிற்சியில் சொன்னது: களத்துக்குப் போகமுன்
கருவி சரியா என்று பார்க்கவேணும்.
பெயர்: சோதனை. வயது: 99.
பட்டை நெரிக்கும், விடும்.
வரும் இலக்கத்தை நான் பார்ப்பதில்லை.
பச்சை விளக்கு எரிந்தால் போதும்.

பிறகு சைக்கிள்.
முத்தையன்கட்டு வலதுகரை, வாய்க்கால் வீதி, கிறவல் புழுதி.
நாளுக்குப் பன்னிரண்டு வீடு.
மாதம் ஆயிரம் ரூபா ரீலோட்,
மழைக்கு ஒரு நீலக் கோட்டு.
அதன் முதுகில் திட்டத்தின் பெயர் மூன்று மொழியில்;
தமிழில் மட்டும் எழுத்துப் பிழை.
சின்னனுகள் தூரத்திலேயே கத்துவார்கள்,
"டப் அக்கா வாறா!"

சம்மதம் என்றால் திரையில் விரலால் கீறவேணும்.
மண்வெட்டிக் காய்ப்பை
அந்தக் கண்ணாடி விரல் என்றே எண்ணாது.
ஈரத்துணியால் துடைத்து, இன்னொருக்கா, இன்னொருக்கா.
சம்மதிக்க அவர்கள் படும் பாட்டைக் கேட்க
எந்தக் கேள்வியும் இல்லை.

பரராசசிங்கம் வீட்டில் படிவம் மறித்தது.
இடது கை அளவு கட்டாயமாம்.
அவருக்கு இடது கை
முழங்கைக்கு மேலேயே முடிந்திருந்தது.
சைபர் போட்டேன்: பிழையான பெறுமதி.
வெறுமையாய் விட்டேன்: தவிர்க்கமுடியாத கேள்வி.
அவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.
"வலைஞர்மடத்துப் பக்கம்தான் கிடக்கும், பிள்ளை.
எடுத்து அளக்கச் சொல்லு."
வலக்கை அளவையே இரண்டு தரம் எழுதினேன்.
அது பிழை. தெரியும்.
குறிப்புப் பெட்டியில், நூற்றைம்பது எழுத்துக்குள்,
இவருக்கு ஒரு கை. இஞ்ச இப்படிப் பலபேர்.
கேள்வியை மாத்துங்கோ.

நாலாம் கண்டத்தில் றூபவதி
மகளுக்குப் பேன் பார்த்தபடி கேட்டாள்:
"போன முறை வந்தவை சிறுநீரும் எடுத்தவை,
கிணத்துத் தண்ணியும் எடுத்தவை.
என்ன கண்டவை?"
"கேட்டுச் சொல்லுறன்" என்றேன்.
அதை எழுதப் படிவத்தில் இடமில்லை.
கொப்பியில் எழுதினேன்.

ஐந்து மணிக்குக் குளக்கட்டு.
மதகடியில் மட்டும் இரண்டு கோடு சிக்னல்.
முப்பத்தொரு பேரின் சீனியும் அழுத்தமும்
வட்டமாய்ச் சுற்றிச் சுற்றி ஏறும்.
ஏறி முடியமுன் யானை வந்தால்
மிச்சம் நாளைக்கு.

ஐப்பசியில், அதே மதகடியில், ஒரு அழைப்பு.
யாழ்ப்பாணத்திலிருந்து பிரவீணாவாம், தரவுப் பிரிவு.
"உங்கட பக்கமிருந்து 'சோதனை' எண்டு
நூற்றி எழுபத்தொரு பதிவு கிடக்குது.
அழிக்கச் சொன்னவை.
அழிக்கமுன் சும்மா ஒருக்கால் கோடு கீறிப் பாத்தன்.
மாசியில நூற்றி முப்பது.
ஆடியில நூற்றி ஐம்பத்தெட்டு.
நேற்று நூற்றி எழுபத்திரண்டு.
மெசின் பிழையோ எண்டால்
மற்றாக்களின்ர எல்லாம் சரியாய்க் கிடக்குது.
அக்கா, அந்தத் தொண்ணூற்றொன்பது வயது ஆள் ஆர்?"

தண்ணீரில் கொக்கு ஒன்று நின்றது.
கோடு இரண்டு ஒன்றாகி, அதுவும் இல்லாமல் போனது.
"ஹலோ" என்றேன், யாருக்கோ.

அடுத்த கிழமை செயலி புதுப்பித்துக்கொண்டது.
இடது கை என்ற இடத்தில் புதிதாய் ஒரு தெரிவு:
கை இல்லை.
யார் சேர்த்தது என்று எழுதியிருக்கவில்லை.
கிணற்றுத் தண்ணீர் பற்றி ஒன்றும் வரவில்லை.

அன்று காலை பட்டையைக் கட்டி
பெயர் என்ற இடத்தில் நிரூபா என்று அடித்தேன்.
வயது 37.
தொழில்: விவசாயம், மீன்பிடி, கூலி, அரச பணி, வேலையில்லை.
கீழே இறங்கி இறங்கிப் பார்த்து
'மற்றவை'யைத் தொட்டேன்.
பிறகு, தொளாயிரம் பேருக்கு வாசித்த அதே குரலில்
எனக்கு நானே வாசித்தேன்:
நீங்கள் விரும்பினால் எந்த நேரமும் விலகிக்கொள்ளலாம்.
விரலை வைத்தேன். பதியவில்லை.
துடைத்து வைத்தேன்.

மாங்குளம் கிளினிக் செவ்வாய்க்கிழமையில்தான்.
செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு வீடு இருக்கு.
முன் சில்லுக்குக் காற்றும் இல்லை.